யூனிஃபோர்ம் தோய்க்கிற வாளி: பிள்ளைத்தாச்சி இருந்த வீட்டுக்குள்ள பூச்சிமருந்து வந்த ஒரு கேஸ்

பின்னணி

இது 2021 மார்ச்சில தொடங்கி 2024 கடைசி வரைக்கும் நாங்க பின்தொடர்ந்த ஒரு கேஸ். குடும்பத்திட்ட கேட்டு அவை சரியெண்ட பிறகுதான் எழுதுறன். ஆக்களை அடையாளம் காட்டக்கூடிய விசயங்களை மாத்தியிருக்கு, மருத்துவ விசயங்களை மாத்தேல்ல.

கொழும்பு வடக்கு, கொட்டாஞ்சேனைப் பக்கம், மேல்மாடியில ரெண்டு ரூம் வாடகை வீடு. பிள்ளைத்தாச்சிக்கு 24 வயசு, முதல் பிள்ளை. புருஷன் ஒரு பெஸ்ட் கன்ட்ரோல் கொம்பனியில மருந்தடிக்கிற வேலை. கறையானுக்கு வீட்டு அத்திவாரத்தைச் சுத்தி அடிக்கிறது, ஹோட்டல் குசினிகள், ஸ்டோர்ஸ், மூட்டைப்பூச்சி பிடிச்ச போர்டிங் ரூம், இப்பிடி நாளுக்கு ரெண்டு மூண்டு இடம். ரெண்டு பேரும் ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டத்தில பிறந்து வளந்த ஆக்கள், அவட அம்மாவும் பிள்ளைப்பேறு பார்க்க எண்டு தோட்டத்தில இருந்து வந்து கூட இருந்தவ.

எங்கட கிளினிக்கில 10 கிழமையில பதிஞ்சவ. ஹீமோகுளோபின் 10க்குக் கொஞ்சம் மேல, உடம்பு மெலிவு, பிரஷர் சீனி எல்லாம் சரி. இரும்பு, ஃபோலிக் அசிட், திரிபோஷ சத்துமா குடுத்தாச்சு. சத்தியும் தலையிடியும் இருக்கெண்டு சொன்னவ, அந்த மாசத்தில யாருக்குத்தான் அது இல்ல, மசக்கை எண்டு பதிவாச்சு. பதிவுக் கார்டில புருஷன்ட தொழில் எண்ட இடத்தில "தனியார் கொம்பனி" எண்டு எழுதியிருந்தது. கொழும்பில பாதிப் பேருக்கு அப்பிடித்தான் எழுதுறது, யாரும் மேல கேக்கிறதில்ல.

மிட்வைஃப் வீட்டுக்குப் போன அண்டைக்கு

மே மாசம், கொவிட் மூண்டாவது அலை ஏறிக்கொண்டு வந்த நேரம். வீட்டு விசிட் எல்லாம் குறைஞ்சு, முக்கால்வாசி ஃபோனிலதான் நடந்தது. இவவிட வீட்டுக்கு மிட்வைஃப் போனதுக்கே காரணம் கிளினிக்குக்கு வராம விட்டதுதான். வாசல்ல நிண்டு கதைச்சவ, உள்ள இருந்து மண்ணெண்ணெய் மாதிரி ஒரு மணம். குக்கர் மண்ணெண்ணெயோ எண்டு கேட்டிருக்கிறா.

"இல்ல மிஸ், அது இவரோட யூனிஃபோம். ஞாயித்துக்கிழமைதான் மொத்தமா ஊறப்போட்டு தொவைப்பேன், அதான் மணக்குது."

பிறகு ஒவ்வொண்டா வந்தது. ஒரு கிழமை யூனிஃபோர்ம் முழுக்க ஒரே வாளியில, வெறுங்கையால, காத்தோட்டம் இல்லாத பாத்ரூமுக்குள்ள. அதே வாளியிலதான் மத்த உடுப்பும் தோய்க்கிறது. ஞாயிறு பின்னேரம் தலையிடி, வேர்வை, சத்தி, அண்டைக்கு மட்டும் கூட, புதன் வியாழன் வந்தா ஏதோ பரவாயில்ல. விடிய வேலை இருந்தா ஸ்ப்ரேயர் டேங்க் வீட்டுக்கு வரும், கட்டிலுக்குக் கீழ இருக்கும். குசினி சிங்க்குக்குக் கீழ ஒரு சோடாப் போத்தல், லேபல் இல்ல, உள்ள பால் மாதிரி வெள்ளைத் தண்ணி. அது வேலையில மிஞ்சின கலவை, புருஷன் கொண்டுவந்து கிழமைக்கொருக்கா சொந்தக் குசினிக்கு அடிக்கிறவர். வீட்டில கரப்பொத்தான் தொல்லை, காசில்லாம மருந்து கிடைக்குது, யார் விடுவினம்.

அந்தப் போத்தலைப் பற்றி ஒண்டு சொல்லோணும். இந்த மருந்துகளில கனக்க எண்ணெய்க் கரைசலா வாறது, தண்ணி ஊத்தின உடன பால் நிறமாகும், அதைச் சோடாப் போத்தல்ல ஊத்தி சிங்க்குக்குக் கீழ வைக்கிறது, நடக்கப் பழகிற பிள்ளை இருக்கிற வீட்டில எவ்வளவு ஆபத்தெண்டு நான் விளக்கத் தேவையில்ல. இந்த வீட்டில பிள்ளை இன்னும் பிறக்கேல்ல, அந்த மட்டில தப்பிச்சுது.

மிட்வைஃப் அண்டைக்கே எனக்கு ஃபோன் பண்ணினவ. மசக்கைக்கு ஞாயிறு திங்கள் தெரியாது எண்டு அவ சொன்ன அந்த ஒரு விசயத்திலதான் இந்தக் கேஸ் தொடங்கினது எண்டே சொல்லலாம்.

என்ன மருந்து, எவ்வளவு கவலைப்படோணும்

புருஷனை வாட்ஸ்அப்பில கொம்பனிக் கேன்களிட லேபலைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னம். முதல்ல தயங்கினவர், வேலை போயிடுமோ எண்ட பயம். கொம்பனிப் பேர் எங்கயும் எழுதமாட்டம் எண்ட பிறகு அனுப்பினவர். ஒண்டு சைபர்மெத்ரின், மற்றது பாதி கிழிஞ்ச லேபல், குளோர்பைரிபொஸ் எண்டு வாசிக்கக் கூடியதா இருந்தது. அதை வச்சுக்கொண்டு தேசிய வைத்தியசாலையில இருக்கிற நஞ்சுத் தகவல் நிலையத்தோட கதைச்சம்.

குளோர்பைரிபொஸ் ஓர்கனோபொஸ்பேட் வகை. நரம்பு வேலை செய்ய உதவுற அசிற்றைல்கோலினை உடைக்கிற என்சைமை இது மறிச்சுப் போடும். கூடுதலா உடம்புக்குள்ள போனா கண்மணி ஊசிமுனை மாதிரி சுருங்கும், வாயூறும், வேர்க்கும், சத்தி, வயித்தோட்டம், தசை துடிக்கும், மூச்சு அடைக்கும், அது உடன ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய கேஸ், அற்றோபின் எண்ட மாற்று மருந்து குடுக்கோணும். இவவுக்கு ஞாயிறு வேர்வையும் சத்தியும் இருந்தாலும், கண்மணி சுருங்கிறது, மூச்சு அடைக்கிறது மாதிரிக் கடுமையா எதுவும் இல்ல. இங்க பிரச்சினை கொஞ்சம் கொஞ்சமா, மாசக் கணக்கில, தோலாலயும் மூச்சாலயும் போறது. அது பிளசென்ராவைத் தாண்டும். இந்த மருந்தை உடைச்சு வெளியேத்த உதவுற ஒரு என்சைம், பீஓஎன்1 எண்டு சொல்றது, பிறந்த பிள்ளையில தாயில இருக்கிறதை விடப் பல மடங்கு குறைவு. தாய் தாங்கிற அளவை பிள்ளை தாங்கும் எண்டு சொல்லேலாது.

இதில நல்லா ஆராய்ஞ்ச ரெண்டு விசயம் எங்கட முடிவுகளுக்கு அடிப்படையா இருந்தது. நியூயோர்க்கில கொலம்பியா பல்கலைக்கழகம் அப்பார்ட்மென்ட்களில இருந்த கர்ப்பிணித் தாய்மாரைப் பின்தொடர்ந்தது. அங்கயும் கதை கரப்பொத்தான்தான், வீட்டுக்குள்ள அடிச்ச மருந்துதான். தொப்புள்கொடி ரத்தத்தில குளோர்பைரிபொஸ் கூட இருந்த பிள்ளைகள் நிறை குறைவாப் பிறந்தவை, 7 வயசில அறிவுத்திறன் சோதனையிலும், கேட்டதை மனசில வச்சுக்கொண்டு யோசிக்கிற ஞாபகத்திலும் கொஞ்சம் பின்னுக்கு நிண்டவை. அமெரிக்காவில வீட்டுப் பாவனையை 2001இல நிப்பாட்டின பிறகு ரத்தத்தில அளவு விழுந்தது, அதுக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளில அந்த நிறை வித்தியாசம் தெரியேல்ல. மற்றது கலிபோர்னியா சலினாஸ் பள்ளத்தாக்கில, தோட்ட வேலை செய்யிற குடும்பங்களில, பெர்க்லி பல்கலைக்கழகம் செய்தது. கர்ப்ப காலத்தில தாயிட மூத்திரத்தில ஓர்கனோபொஸ்பேட் எச்சம் ஆகக் கூட இருந்த ஐந்தில ஒரு பங்குக்கும் ஆகக் குறைய இருந்த ஐந்தில ஒரு பங்குக்கும் இடையில, பிள்ளையிட 7 வயசு அறிவுத்திறன் சோதனையில 7 புள்ளி வித்தியாசம், கூட இருந்த பக்கம்தான் குறைவு. பிள்ளை பிறந்த பிறகு பிள்ளையிட மூத்திரத்தில அளந்ததுக்கும் அறிவுத்திறனுக்கும் அப்பிடித் தொடர்பு வரேல்ல. அதாவது வயித்துக்குள்ள இருக்கிற காலம்தான் முக்கியம்.

ஆனா இதெல்லாம் நூற்றுக்கணக்கான பிள்ளைகளிட சராசரி. எங்களுக்கு முன்னால இருக்கிறது ஒரு தாய், ஒரு பிள்ளை. சராசரியைக் கொண்டுவந்து இவவிட பிள்ளைக்கு இவ்வளவு குறையும் எண்டு யாரும் சொல்லேலாது, சொன்னா அது பொய்.

டெஸ்ட் செய்யிறதா, வேண்டாமா

புருஷன் கேட்ட முதல் கேள்வி, "டொக்டர், ரத்தத்துல பாத்தா தெரியாதா?"

கோலினெஸ்டரேஸ் டெஸ்ட் இருக்கு, மேல சொன்ன மாதிரி மருந்து மறிக்கிற வகை என்சைமை ரத்தத்தில அளக்கிறது, மருந்து பட்டா அது குறையும். ஆனா கர்ப்பத்தில பிளாஸ்மா கோலினெஸ்டரேஸ் தன்பாட்டில இறங்கும், மருந்தே படாத தாய்க்கும் குறைவாத்தான் வரும். இவவிட முந்தின அளவு என்ன எண்டும் தெரியாது. குறைவா வந்தா வீணாப் பயம், சரியா வந்தா வீணா ஆறுதல், ரெண்டிலயும் நாங்க செய்யப் போறது ஒண்டுதான், படுறதை நிப்பாட்டுறது. அதால தாய்க்குச் செய்யிறேல்ல எண்டு முடிவெடுத்தம். புருஷனுக்குச் செய்தம். தனியார் லெப்பில வந்த ரிசல்ட் சரியான எல்லைக்குள்ளதான், ஆனா அடிமட்டத்தில. அவர் அந்தப் பேப்பரை மடிச்சு பொக்கற்றில போட்டுக்கொண்டு, "நோர்மல்தானே" எண்டிட்டுப் போனவர். இதுக்குத் திரும்பி வாறன்.

எடுத்த முடிவுகள்

மருந்து வீட்டுக்குள்ள வாற வழி மூண்டு, உடுப்பு, டேங்க், போத்தல். போத்தல் அண்டைக்கே போகோணும், சிங்க்கில ஊத்தாம கொம்பனிக்கே திருப்பி. டேங்க் வீட்டுக்கு வாறது நிக்கோணும். யூனிஃபோர்ம் வேலை இடத்தில மாத்தி, பையில கட்டி, அவவிட கை படாம தோய்க்கோணும், வேற வாளி, பிள்ளைக்கு வாங்கிற துணியோட ஒருக்காலும் சேராம. வீட்டுக்கு வந்தா முதல்ல குளிப்பு, பிறகுதான் மத்ததெல்லாம். வீட்டை ஒருக்கா நல்லா ஈரத்துணியால துடைக்கிறது, அதையும் அவ செய்யக்கூடாது.

கரப்பொத்தானுக்கு என்ன செய்யிறது எண்டு சொல்லாம போத்தலை மட்டும் எடுத்தா அது ஒரு மாசத்தில திரும்பி வரும். குசினி ஓட்டைகளை சீமெந்தால அடைச்சு, சாமான்களை மூடிப் பேணிகளில போட்டு, ராவில சிங்க்கைக் காயவிட்டு, கதவு மூலைகளில ஜெல் மட்டும் வைக்கச் சொன்னம். ஜெல்லும் மருந்துதான், ஆனா காத்தில பறக்காது, சட்டையில ஒட்டாது. புருஷன்ட தொழிலே இதுதானே, இந்தப் பகுதியை அவர் எங்களை விட வடிவாச் செய்தவர்.

டெங்கு விசயத்தில கவனமா இருந்தம். பூச்சிமருந்து எண்டாலே கூடாது எண்டு சொல்லிப்போட்டு பிள்ளைத்தாச்சியை நுளம்புக்குக் குடுக்கேலாது, கொழும்பில கர்ப்பகால டெங்கு உயிர் போற விசயம். நுளம்புச் சுருளை விட்டிட்டு வலை, நீட்டுக் கை உடுப்பு, தேங்கின தண்ணியை ஊத்துறது. மாநகர சபை புகை அடிக்க வந்தா சாப்பாட்டை மூடிவச்சு வெளில நிண்டு, புகை போன பிறகு கதவு யன்னல் திறந்து, துடைச்சிட்டு உள்ள போறது.

சொன்னதும் நடந்ததும்

போத்தலும் டேங்கும் உடன போச்சு. யூனிஃபோர்ம் போகேல்ல. கொம்பனியில உடுப்பு மாத்த இடமே இல்ல, தண்ணி வசதி கேட்டதுக்கு சூப்பர்வைசர் சிரிச்சிருக்கிறார். கொஞ்ச நாள் அவர் கீழ் வீட்டுப் பைப்படியில தோய்ச்சவர், ஆம்பிளை உடுப்பு தோய்க்கிறான் எண்டு பக்கத்து ஆக்கள் பகிடி, பிறகு ஜூன் பயணத் தடைக் காலத்தில வாளி திரும்ப அவவிட கைக்கே வந்திட்டுது, இந்த முறை ரப்பர் கையுறையோட. அவட அம்மாவுக்கும் இது பெரிய விசயமாத் தெரியேல்ல. "தோட்டத்துல மருந்தடிச்ச கையோடதான் எங்க ஆளுங்க சோறு தின்னாங்க, நாங்க புள்ள பெக்கலையா?" எண்டு அவ கேட்டதுக்கு, உண்மையைச் சொன்னா, கிளினிக்கில யாரிட்டயும் டக்கெண்டு பதில் இருக்கேல்ல. பெத்தது சரி, எத்தினை தங்கேல்ல எண்டு மிட்வைஃப் மெதுவாக் கேட்ட பிறகு அவ கனநேரம் கதைக்கேல்ல. அதுக்குக் காரணம் மருந்தெண்டு நாங்களும் சொல்லேல்ல, தோட்டத்தில பிள்ளை தங்காததுக்கு ஆயிரம் காரணம் இருந்தது.

மாற்றம் வந்தது ஓகஸ்ட் 20 லொக்டவுனோட. ஒக்டோபர் 1 வரைக்கும் நாடு பூட்டு, அவருக்கு வேலை இல்ல. செப்டெம்பர் நடுவில அதே லெப்பில அதே டெஸ்டைத் திரும்பச் செய்யச் சொன்னம், இந்த முறை நல்லா ஏறியிருந்தது. முந்தி "நோர்மல்" எண்டு வந்தது உண்மையில அவருக்கு நோர்மல் இல்ல, மருந்து அமத்தி வச்சிருந்த அளவு. ரெண்டு பேப்பரையும் பக்கத்தில வச்சுக் காட்டின பிறகு அவர் மனுசிட்ட ஒருநாளும் அந்த வாளியைக் குடுக்கேல்ல. மாசக் கணக்கில நாங்க கத்தினது செய்யாததை அந்த ரெண்டு இலக்கம் செய்தது.

ஸ்கேனும் ஒரு வீடியோவும்

20 கிழமை ஸ்கேன் சரியா வந்தது. உடன வீட்டில எல்லாருக்கும் நிம்மதி, மருந்துக் கதை முடிஞ்சுது எண்டு. ஸ்கேன் காட்டுறது அமைப்பை, இருதயம் நாலறை, முள்ளந்தண்டு, கை கால். மூளை எப்பிடி வேலை செய்யப் போகுது எண்டு அதில தெரியாது. இதைச் சொல்லவும் வேணும், சொல்லிப் பயப்படுத்தவும் கூடாது, அந்த நூலில நடக்கிறது லேசில்ல.

அதே கிழமை யாரோ கேரளாவில காசர்கோட்டுப் பிள்ளைகளிட வீடியோவை அனுப்பிப்போட்டினம். தலை பெருத்த, கை கால் வளைஞ்ச பிள்ளைகள். ஒரு சொந்தக்காரி கருவைக் கலைச்சா என்ன எண்டு கேட்டிருக்கிறா. தாயைத் தனிய கூப்பிட்டுக் கதைச்சம். காசர்கோட்டில முந்திரித் தோட்டத்துக்கு வருசக் கணக்கா ஹெலிகொப்டரால அடிச்சது எண்டோசல்ஃபான், வேற வகை மருந்து, உடம்பிலயும் மண்ணிலயும் கனகாலம் தங்கிறது, இலங்கையில 1998லயே தடை. இவவுக்குப் பட்டது வேற மருந்து, வேற அளவு. கலைக்கிறதுக்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்ல, இலங்கைச் சட்டமும் தாயிட உயிருக்கு ஆபத்தெண்டா மட்டும்தான் விடுது. அதோட அந்தக் கதை நிண்டது.

பிரசவம்

செப்டெம்பர் கடைசி, 38 கிழமை, சுகப்பிரசவம், பெண்பிள்ளை, 2.38 கிலோ. 2.5க்குக் குறைவு, அதால நிறை குறைஞ்ச பிறப்பு எண்டு பதிவு. உடன அழுதது, பால் குடிச்சுது, கண்மணி, தசை, மூச்சு எல்லாம் சரி. நிறை குறைஞ்சதுக்கு மருந்து காரணமா? இருக்கலாம். தாயிட ரத்தக்குறைவு, மெலிவு, லொக்டவுன்ல சாப்பாடு குறைஞ்சது, இதுவும் இருக்கலாம். பிரிச்சுச் சொல்ல வழியில்ல, அதால கோப்பில "காரணம் தீர்மானிக்க முடியாது" எண்டே எழுதினம்.

பால் நிப்பாட்டின கதை

இந்தக் கேஸில பிள்ளைக்கு உண்மையா ஆபத்து வந்தது இங்கதான் எண்டு நான் நினைக்கிறன், அதுவும் மருந்தால இல்ல.

நவம்பர் முதல் கிழமை. அந்த வருசம் மே மாசம் அரசாங்கம் ரசாயன உரமும் பூச்சிமருந்தும் இறக்குமதி செய்யிறதைத் தடை செய்திருந்தது, நாடு முழுக்க நஞ்சில்லாத சாப்பாடு எண்டுதான் கதை, டிவி, ஃபேஸ்புக் எல்லாத்திலயும். அதில வந்த ஒரு வொய்ஸ் மெசேஜ், தாய்ப்பாலில பூச்சிமருந்து இருக்கு எண்டு. அம்மா கேட்டு, மகளும் கேட்டு, "என் பாலே வெஷமா மிஸ்?" எண்டு மிட்வைஃப்பிட்ட கேக்கும்போது பால் குடுக்கிறதை நிப்பாட்டி ஒரு கிழமைக்கு மேல. பால்மா தட்டுப்பாட்டு நேரம், கடைகடையா அலைஞ்சு கிடைச்சதை வாங்கி, காணாததுக்குத் தண்ணியைக் கூட்டிக் கரைச்சு, போத்தலை வடிவா அவிக்காம. பிள்ளைக்கு வயித்தோட்டம், நிறை ஏறேல்ல, இறங்கியிருந்தது.

அந்த வொய்ஸ் மெசேஜ் முழுப் பொய்யும் இல்ல, அதுதான் கஷ்டம். டிடிடி மாதிரிப் பழைய மருந்துகள் கொழுப்பில தேங்கி நிண்டு பாலில வரும், உலகம் முழுக்கத் தாய்ப்பாலில அளந்திருக்கினம். புது வகைகளும் கொஞ்சம் காணப்பட்டிருக்கு. ஆனா ஓர்கனோபொஸ்பேட் உடம்பில நிண்டு சேர்றதில்ல, நாள் கணக்கில உடைஞ்சு மூத்திரத்தில போயிடும். இவவுக்குப் படுறது நிண்டே ரெண்டு மாசம் தாண்டிட்டுது. பாலில வரக்கூடிய துளியை விட, கரைச்ச பால்மாத் தண்ணியும் கழுவாத போத்தலும் அந்தப் பிள்ளைக்குப் பல மடங்கு ஆபத்து. படுறதை நிப்பாட்டோணும், பாலை இல்ல. உலக சுகாதார நிறுவனம் சொல்ற முதல் 6 மாசம் தாய்ப்பால் மட்டும் எண்டது இவவுக்கும் அப்பிடியே பொருந்தும்.

ஆஸ்பத்திரியில தாய்ப்பால் முகாமைத்துவ நிலையத்துக்கு அனுப்பினம். பிள்ளையை நெஞ்சோட தோல் படப் படுக்கவைக்கிறது, ரெண்டு மணித்தியாலத்துக்கொருக்கா போடுறது, ராவிலயும், கையால பால் எடுக்கிறது, பால்மாவைக் கோப்பையால குடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கிறது. முதல் நாலைஞ்சு நாள் அவ அழுதுகொண்டே இருந்தவ, ஒண்டும் வரேல்ல எண்டு. மூண்டாம் கிழமையளவில முழுக்கத் தாய்ப்பாலுக்குத் திரும்பியாச்சு. ரெண்டு வயசு தாண்டியும் குடிச்சவ.

பிறகு பிள்ளை

6 மாசம் தாண்டி ஒருநாள் ராவு, பிள்ளை வாயூத்துது எண்டு அம்மம்மா பதறி ஃபோன். முந்தி நாங்க சொல்லிவச்ச அறிகுறிப் பட்டியல் அப்பிடியே மனப்பாடம் அவவுக்கு. பார்த்தா கண்மணி சரி, வேர்வை இல்ல, சிரிச்சு விளையாடுது, முரசில வெள்ளையா ரெண்டு பல்லு. தோட்டத்தில மருந்துக்கு ஒண்டும் ஆகாது எண்டு சொன்ன அதே மனுசிதான். பயமும் அலட்சியமும் ஒரே வீட்டில எப்பிடி இடம் மாறுது எண்டு பார்த்துக்கொண்டு இருந்தம்.

நிறை ஒரு வயசளவில சாதாரண எல்லைக்குள்ள வந்திட்டுது. இருக்கிறது, தவழுறது, நடக்கிறது எல்லாம் நேரத்துக்கு. 18 மாசத்தில கதை பிந்தியிருந்தது, ரெண்டு மூண்டு சொல்லுத்தான், அதால காது டெஸ்ட் செய்தம், சரியா இருந்தது. ஃபோன் பார்க்கிறதைக் குறைச்சு, கதைச்சு விளையாடச் சொன்னம். இரண்டரை வயசில வசனமாத் தமிழும் பக்கத்து வீட்டுச் சிங்களமும் கதைக்கத் தொடங்கிட்டா. கதை பிந்தினதுக்கும் மருந்துக்கும் தொடர்பிருக்கா எண்டு சொல்லேலாது, எந்தக் கிளினிக்கிலயும் இப்பிடிப் பிந்திற பிள்ளைகள் இருக்கு. 2024 கடைசியில, மூண்டு வயசில பார்த்தபோது வளர்ச்சி மைல்கல் எல்லாம் சரி. ஆராய்ச்சியில வித்தியாசம் தெரிஞ்சது 7 வயசுப் பக்கம், அதால கோப்பை மூடேல்ல, பள்ளிக்கூடம் போன பிறகும் கவனம், வாசிப்பு பார்க்கிறதெண்டு தாயோட பேசியிருக்கு. புருஷன் 2022 நெருக்கடியில கொம்பனி ஆள் குறைச்ச நேரம் வேலை விட்டு இப்ப டெலிவரி ஓடுறார்.

அடுத்த கேஸுக்கு என்ன மாத்துறம்

பதியிற அண்டைக்கே புருஷன்ட தொழிலோட, வேலையில இருந்து வீட்டுக்கு என்ன வருது, உடுப்பை யார் தோய்க்கிறது எண்டு கேக்கிறம். பெஸ்ட் கன்ட்ரோல் மட்டுமில்ல, பெயின்ட், பற்றரி, பூந்தோட்டம், மரக்கறி ஸ்டோர்ஸ் எல்லாத்துக்கும். மருந்தடிக்கிற வேலைக்காரர் எண்டா அவருக்கு வேலை இல்லாத ஒரு இடைவெளியில கோலினெஸ்டரேஸ் எடுத்து வச்சுக்கொள்றம், பிறகு ஒப்பிட ஒரு அளவு கையில இருக்கோணும் எண்டு. பாலை நிப்பாட்டாதீங்கோ எண்டதை பிரசவத்துக்கு முதலே, வீட்டு மூத்த பொம்பிளைக்கும் சேர்த்துச் சொல்றம், வொய்ஸ் மெசேஜ் வர முதல்.

கொம்பனிகளிட்ட உடுப்பு மாத்திற அறையும் தோய்க்கிற வசதியும் கேக்கிறது இன்னும் நடக்கேல்ல. 2025 மேயில, கனகாலம் அழியாம நிக்கிற நச்சு ரசாயனங்களைக் கட்டுப்படுத்துற ஸ்ரொக்ஹோம் சர்வதேச உடன்படிக்கையில குளோர்பைரிபொஸ்ஸை ஒழிக்கிற பட்டியல்ல சேர்த்திட்டினம், சில விதிவிலக்குகளோட. பழைய கேன்கள் ஸ்டோர்ஸ் மூலைகளில இன்னும் இருக்கும், அது தீர்ந்தாலும் அந்த இடத்துக்கு வேற மருந்து வரும், அதால லேபல் படத்தை அனுப்பச் சொல்லிக் கேக்கிறதை நாங்க விடேல்ல.